சனிக்கிழமை டிக்கெட்

நைனார்பாளையம் சின்னராசு தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் விமானம் ஏறினார். ஏறியது பிசினஸ் கிளாஸில். அந்த ஊரில் இன்றைக்குத் தெருவுக்குப் பத்துப் பேர் வளைகுடா போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் குவைத், மஸ்கட் என்று வாய் ஓயாது. அவர்களில் ஒருவன்கூட விமானத்தின் முன்பக்கத்து அகலச் சீட்டில் உட்கார்ந்தவன் கிடையாது. சின்னராசு உட்கார்ந்தார். உட்கார்ந்ததைப் பற்றி யார் கேட்டாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஏன் என்று தெரிய வேண்டுமானால் எண்பத்தேழாம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு ஏக்கர் கரும்பு, ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு, ஒரு டயர் வண்டி. மனைவி பெரியநாயகி. ஒரே பையன் ராஜாங்கம். அதிகம் பேசாத மனுஷர். பேசினாலும் கரும்பைப் பற்றித்தான் பேசுவார்.

கரும்புக்காரனுக்குச் சாமிக்கு அடுத்தபடி தேதிதான். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் என்று ஒரு சீட்டு வரும். இன்ன தேதியில் வெட்டு, இன்ன தேதிக்குள் கொண்டுவந்து கொட்டு என்று அதில் இருக்கும். அந்தத் தேதி போனால் சீட்டும் போனது. மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். எண்பத்திரண்டில் வெட்டு ஆட்கள் ஒரு நாள் தாமதமாக வந்தார்கள். ஒரே ஒரு நாள். அதற்காக நாற்பது நாள் கரும்பு கொல்லையிலேயே நின்று பூத்து, சக்கையாகி, எடை பாதியாகப் போயிற்று. அன்றைக்கு ஆலை வாசலில் நின்று கெஞ்சிய கெஞ்சலை அவர் மறக்கவில்லை. அதற்குப் பிறகு தேதி என்று எழுதிய எந்தக் காகிதம் வந்தாலும் அந்தத் தேதியை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மடித்து வைப்பார்.

ராஜாங்கம் ஐ.டி.ஐ. படித்த வெல்டர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஏழு வருஷம் பதிவைப் புதுப்பித்தான். நேர்காணலுக்கு ஒரு கார்டுகூட வரவில்லை. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒரு காண்ட்ராக்டரிடம் இரண்டு வருஷம் கூலிக்குப் பற்றவைத்தான். பிறகு துபாய் போனான். அதனால்தான் சாதிச் சங்கத்தார் இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டம் போட்டபோது, எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போகாத சின்னராசு கடைசி வரிசையில் போய் நின்று கேட்டார். மேடையில் பேசினவன் ராஜாங்கத்தைப் பற்றியே பேசுவது போல அவருக்கு இருந்தது.

செப்டம்பர் மாதம் முதல் வாரம் தந்தி வந்தது. கப்பல் பட்டறையில் காஸ் வெடித்து ராஜாங்கத்துக்கு உடம்பெல்லாம் தீக்காயம். பிழைப்பது சந்தேகம். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறான், விசாவும் டிக்கெட்டும் நாங்களே அனுப்புகிறோம் என்றது கம்பெனி. சின்னராசுவிடம் பாஸ்போர்ட் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு ஏஜெண்டு குவைத்தில் தோட்ட வேலை என்று தெருவுக்கே பாஸ்போர்ட் எடுக்க வைத்துவிட்டுக் கம்பி நீட்டியிருந்தான். அந்தப் பாஸ்போர்ட் இப்போது உதவிற்று. தகப்பனுக்கு இனி ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. பையனின் கண் மூடுவதற்குள் போய் அவன் முன்னால் நிற்க வேண்டும்.

டிக்கெட் கள்ளக்குறிச்சிக்கு வந்துவிட்டது என்று சேதி வந்தது புதன்கிழமை பொழுது சாய்ந்த பிறகு. வியாழன் விடியலில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் ஆரம்பம். சின்னராசு பையில் வேட்டி சட்டையை வைத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மாயவன் வந்து நின்றான்.

"மாமா, மாட்ட குடுங்க. ரோட்டாண்ட புளியமரத்த சாய்ச்சிட்டோம். குறுக்க இஸ்துப் போடணும்."

"நான் கள்ளக்குறிச்சி போவணும்டா. அங்கேருந்து அப்பிடியே மெட்ராஸு."

"நீங்க சைக்கிள்ல போங்க மாமா. நம்ம ஆளுங்க எவன் உங்கள மறிப்பான்? ரெண்டு நாள்ல கவர்மெண்டு எறங்கி வந்துடும், பஸ்ஸு ஓடும் பாருங்க. இதெல்லாம் யாருக்கு? நம்ம ராஜாங்கம் மாதிரி புள்ளைங்களுக்குதான?"

அவர் மாட்டை அவிழ்த்துக் கொடுத்தார். கரும்புப் பாரம் இழுத்துப் பழகிய மாடுகள், ஒரே மூச்சில் மரத்தை ரோட்டுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் போட்டன. அவரே அந்த மரத்தின் மேல் சைக்கிளைத் தூக்கிப் போட்டுத் தாண்டிப் போனார்.

கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டையும் டிராவல்ஸையும் ஒரே அறையில் நடத்திவந்தான் தனசேகரன். மெட்ராஸ் ஏஜெண்டிடமிருந்து டிக்கெட் வாங்கி வந்து கொடுப்பது அவன் வேலை. விமானத்தை அண்ணாந்து பார்த்ததைத் தவிர அவனுக்கும் விமானத்துக்கும் வேறு சம்பந்தம் கிடையாது. ஆனால் பேச்சு மட்டும் பைலட் பேச்சு.

"மாமா, உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்று ஆரம்பித்தான். பிள்ளை தீயில் வெந்து கிடக்கிற மனுஷனிடம் சொல்கிற வார்த்தையா அது? ஆனால் அன்றைக்கு அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்படி ஒரு டிக்கெட் அவன் கை வழியாகப் போனதே அதுதான் முதல் தடவை.

"சாதா சீட்டெல்லாம் பதினைஞ்சி நாளைக்கி ஃபுல்லு. கம்பெனிக்காரன் நல்லவன், காலியா இருந்த பெரிய சீட்டயே வாங்கிட்டான். இது பிசினஸ் கிளாஸு மாமா. மில் ஓனருங்க, மந்திரிங்க போறது."

வழவழவென்று ஒரு படப் புத்தகத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தான். அதில் ஒரு வெள்ளைக்காரன் காலை நீட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"பாருங்க, சீட்டு எத்தினி அகலம். சாய்ச்சா கால நீட்டி தூங்கலாம். ஏறினதும் சுடுதண்ணில நனைச்ச துண்டு குடுப்பாங்க, மூஞ்சி தொடைச்சிக்க. பின்னாடி குந்துறவனுக்கு பிளாஸ்டிக் தட்டு, உங்களுக்கு பீங்கான் தட்டு, வெள்ளத்துணி விரிச்சி. மூணு தினுசு சோறு, எது வேணுமோ கேட்டு வாங்கிக்கலாம். ஏர்போர்ட்டுல க்யூவுல நிக்க வேணாம், உங்களுக்கு தனி கவுண்டரு. குந்திகினு இருக்க ஏசி ரூமு, காப்பி பிஸ்கோத்து எல்லாம் சும்மா. பொட்டி கூட ஜாஸ்தி எடுத்துகினு போலாம். எறங்கறப்ப மொதல்ல உங்களத்தான் எறக்குவாங்க."

சின்னராசு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்று கேட்டார்.

"முன்னாடி குந்தினா சீக்கிரம் போயி சேருமா தம்பி?"

தனசேகரன் சிரித்துவிட்டான். "ஒரே ப்ளேன்தான மாமா. அது எப்பிடி முன்னாடி போவும்?"

"அப்ப எதுல குந்தினா இன்னா. எப்ப கெளம்புது, அத்த சொல்லு."

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை. நாலரை மணிக்குள்ள கவுண்டர்ல நிக்கணும். அப்பறம் மூடிடுவான். மூடினா மூடினதுதான், யாரு வந்தாலும் தொறக்க மாட்டான்."

சனிக்கிழமை, நாலரை. சின்னராசு மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். தவறினால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. கரும்புக்காரன் அதைக் கேட்க மாட்டான். அவனுக்கு அது தெரியும்.

மதியத்துக்கு முன்னால் தியாகதுருகம் ரோட்டில் சைக்கிளை விட்டார். பத்து மைலுக்குள் எத்தனை மரம் என்று எண்ண முடியவில்லை. புளி, வேம்பு, தூங்குமூஞ்சி எல்லாம் வேரோடும் கிளையோடும் கிடந்தன. பாலங்களை வெட்டிவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் கூட்டம் நின்றது. "எம்புள்ள ஆஸ்பத்திரில கெடக்கறான்" என்று சொன்னால் போதும், நான்கு பேர் ஓடிவந்து சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். ஒருவன் தன் சோற்றுப் பொட்டலத்தையே கையில் திணித்தான். ஒருத்தரும் அவரைத் தடுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மனுஷன் தாண்டுகிற மரத்தைப் பஸ் தாண்டாதே.

உளுந்தூர்பேட்டை எட்டுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. ரோட்டில் கண்ணில் பட்டவனையெல்லாம் அள்ளிப்போட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள். சின்னராசு சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். அதுதான் வினையாயிற்று.

இளவயசு அதிகாரி ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிசினஸ் கிளாஸா? நீயா? எவன் பையில அடிச்ச?"

"எம்புள்ள கம்பெனி அனுப்பினதுங்க ஐயா."

"உன் புள்ள இன்னா கம்பெனி மொதலாளியா?"

சாதா டிக்கெட்டாக இருந்திருந்தால், வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போகிற ஆள் என்று ஒரு மணி நேரத்தில் விட்டிருப்பார்கள். காலை நீட்டிப் படுக்கிற அந்தப் பெரிய சீட்டுதான் அவரை ஒரு நாளும் இரண்டு ராத்திரியும் சிமெண்டுத் தரையில் உட்கார வைத்தது. வெள்ளிக்கிழமை முழுக்க அவர் யார் வந்தாலும் எழுந்து எழுந்து கும்பிட்டார். "ஐயா, நாளைக்கி நாலரைங்க. நாலரைக்குள்ள போவணுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூட அடைபட்டிருந்தவர்கள் தகப்பனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்தார்கள். சனிக்கிழமை விடிகிற நேரத்தில் வேறொரு வயசான அதிகாரி வந்தார். பாஸ்போர்ட்டில் இருக்கிற பேரும் டிக்கெட்டில் இருக்கிற பேரும் ஒன்றுதான் என்பதைப் பார்த்தார். பார்க்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "போய்யா, போ" என்று சைக்கிளோடு விட்டார்.

அங்கிருந்து மெட்ராஸ் இருநூறு கிலோமீட்டர். நாலரைக்குள் எந்த சைக்கிளும் போகாது என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். சின்னராசுவுக்கும் தெரியும். ஆனாலும் மிதித்தார். எங்கேயாவது ஒரு லாரி கிடைக்காதா, ஒரு ஜீப் ஏற்றிக்கொள்ளாதா என்று மிதித்தார். விழுப்புரத்தில் துப்பாக்கிச் சூடு என்று ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். தொடை மரத்துப்போய், உள்ளங்கை தோல் உரிந்து, வாயில் எச்சில் இல்லாமல் திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் வந்தபோது, பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில் ஒருவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"மணி இன்னாங்க?"

"அஞ்சாவப் போவுது."

சின்னராசு சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். எதிரே மைல்கல் மெட்ராஸ் நூற்றுப்பத்து என்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிக்கெட்டை எடுத்தார். அதில் போட்டிருந்த தேதியை விரலால் ஒரு தடவை தடவினார். மடித்து உள்ளே வைத்தார். எழுந்து சைக்கிளை ஊர்ப்பக்கம் திருப்பினார்.

ஐயோ, அந்த இடத்தில் யாராவது ஒருத்தன் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கக் கூடாதா! அந்த டிக்கெட் சாகவில்லை. பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டில் இருக்கிற பெரிய வசதியே அதுதான். பீங்கான் தட்டும் சுடுதுண்டும் இல்லை. ஒரு வருஷத்துக்குள் எந்த விமானத்திலும் இடம் இருந்தால் போகலாம், தேதி மாற்ற ஒரு பைசா கேட்க மாட்டார்கள். இரண்டு நாள் ஆகட்டும், மூன்று நாள் ஆகட்டும், இன்னும் நூற்றுப்பத்து கிலோமீட்டர் மிதித்துப் போய் அந்தக் கவுண்டரில் நின்றிருந்தால் போதும். வாரத்தில் சனியும் செவ்வாயும் விமானம் உண்டு, செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். தனசேகரனுக்கு அது தெரியும். துண்டையும் தட்டையும் சொன்ன வாய்க்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை. இதெல்லாம் முதலாளிகளுக்கு வேண்டிய சமாச்சாரம், இந்த மனுஷனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை உச்சி வெயிலில் சின்னராசு வீடு வந்து சேர்ந்தார். வாசலில் கால் வைத்ததுமே பெரியநாயகி ஓடிவந்தாள்.

"இன்னாங்க, புள்ளய பாக்கலியா?"

"தேதி பூடுச்சி."

அவளும் கரும்புக்காரன் பெண்டாட்டிதான். மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பொழுது சாயும்போது மெல்லக் கேட்டாள்.

"கம்பெனிக்காரன இன்னொரு டிக்கெட் கேட்டுப் பாத்தா இன்னா?"

"எந்த மூஞ்சிய வச்சிகினு கேக்கறது? மந்திரிங்க போற சீட்ட வாங்கி அனுப்பினான். அத்த வுட்டுட்டு வந்து நிக்கறேன். சின்ன டிக்கெட்டா இருந்தாலும் கேக்கலாம்."

செவ்வாய்க்கிழமை விமானம் போனது. புதன்கிழமை மறியல் முடிந்தது. மாயவனும் மற்றவர்களும் புளியமரத்தை அறுத்து ஓரம் தள்ளினார்கள். வியாழக்கிழமை காலை ராஜாங்கம் செத்துப்போனான். கூட வேலை செய்த வெள்ளிமலைக்காரன் வேடியப்பன் பின்னால் கடிதம் எழுதினான். சனிக்கிழமை ராத்திரி அப்பா வந்துவிடுவார் என்று ராஜாங்கத்திடம் சொல்லியிருந்தார்களாம். அதிலிருந்து ஐந்து நாள், வார்டுக் கதவு திறக்கிறபோதெல்லாம் கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தானாம். ரோட்டில் மரம் போட்டிருக்கிறார்கள், அதான் தாமதம் என்று வேடியப்பன் சொன்னதற்கு, "அப்பா எப்பிடியும் வந்துடுவாரு" என்றானாம்.

சாவுத் தந்தியை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை தனசேகரன் மொபெட்டில் வந்தான். பெரியநாயகி மண்ணில் புரண்டு அழுது ஓய்ந்த பிறகு சின்னராசுவிடம் சொன்னான்.

"மாமா, பாடிய வெச்சிகினு இருக்காங்க. நீங்க போனாதான் எதுவும் செய்வாங்களாம். செவ்வாய்க்கிழமை ப்ளேன்ல போயிடுங்க. டிக்கெட் பத்திரமா இருக்குதில்ல?"

சின்னராசு நிமிர்ந்து பார்த்தார். "அதுதான் போன சனிக்கிழமையோட செத்துப் போச்சேப்பா. அதனாலதான நான் ஒலக்கூரோட திரும்பிட்டேன்."

தனசேகரன் முகம் வெளுத்துப்போயிற்று. இந்த மனுஷன் வழி அடைபட்டுக் கிடந்ததால் திரும்பினார் என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான். அந்த நிமிஷத்திலாவது ஆம்பிளையாக உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் மாட்டுக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சாவுன்னா... மாத்திக் குடுப்பாங்க மாமா. நான் சொல்லி வெக்கறேன்."

சொல்லிவிட்டுக் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஐந்து மணி நேரத்தில் மெட்ராஸ் கொண்டுபோய் விட்டது. மீனம்பாக்கத்தில் சின்னராசு நீள வரிசையின் கடைசியில் போய் நின்றார். டிக்கெட்டைப் பார்த்த ஒரு சிப்பந்தி ஓடிவந்து, "நீங்க ஏங்க இங்க நிக்கிறீங்க?" என்று தனிக் கவுண்டருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சின்னப் பெண் எழுந்து வணக்கம் சொன்னாள். டிக்கெட்டை வாங்கினாள். சின்னராசு கைகூப்பிக் கெஞ்சுவதற்குத் தயாராக வந்திருந்தார். கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அவள் ஒரு சின்ன ஸ்டிக்கரை எடுத்தாள், புதுத் தேதியை எழுதினாள், பழைய தேதியின் மேல் ஒட்டினாள், முத்திரை வைத்தாள். வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"அவ்ளோதாங்களா?"

"அவ்வளவுதான் சார். மாடியில நம்ம லவுஞ்ச் இருக்கு. காப்பி சாப்பிட்டு ரெஸ்ட் எடுங்க."

அவர் நகரவில்லை. "அம்மா, சாவுன்றதால இந்த சலுகை குடுத்தாங்களா?"

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. "சலுகை எல்லாம் இல்லைங்க சார். பிசினஸ் கிளாஸ்னாலே இப்படித்தான். ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வந்தாலும் மாத்தித் தருவோம்."

"போன செவ்வாய்க்கெழம வந்திருந்தா?"

"தாராளமா சார். அன்னைக்கு முன்பக்கம் பாதி சீட்டு காலியாத்தான் போச்சு."

தன் கம்பெனியின் பெருமையைச் சொல்வதாக நினைத்து அவள் சிரித்தாள். சின்னராசு கவுண்டரின் விளிம்பைப் பிடித்தார். பிடி நழுவிற்று. பளிங்குத் தரையில் மடங்கி உட்கார்ந்தார். பிள்ளை செத்த சேதி வந்தபோது அழாதவர், ஊர்பேர் தெரியாத அத்தனை ஜனத்துக்கு நடுவே தலையில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அலறினார்.

"ஒலக்கூரு வரைக்கும் வந்தண்டா ராஜாங்கம்! ஒலக்கூரு வரைக்கும் வந்துட்டு திரும்பிப் பூட்டண்டா!"